போர்வெல் மோட்டார் கடையில் கட்டிய பேஸ் பிக்கப்

மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்துப் பார்த்தேன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இந்த பேஸ் கிட்டாரில் இரண்டு: நெக் (கழுத்து) பக்கம் ஒன்று, கீழே கம்பி தங்கும் பிரிட்ஜ் பக்கம் ஒன்று. நெக் பக்கப் பிக்கப் 6.8 காட்டியது. பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பில் திரையின் ஓரத்தில் வெறும் 1 நின்றது. உள்ளே இருக்கும் காயில், அதாவது மெல்லிய கம்பிச் சுற்று, எங்கேயோ அறுந்துவிட்டது என்று அர்த்தம். அரை நூற்றாண்டு தாண்டிய ஜப்பான் பேஸ் கிட்டாரில் இது அதிசயம் இல்லை. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். இதே மாதிரிப் பழைய பேஸ் ஒன்று உங்கள் பக்கத்துப் பரணிலும் கிடக்கலாம்.

இது காவேரிப்பட்டணத்தில் ஒரு பெரியவர் வீட்டில் கிடந்தது. மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். மாரியம்மன் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் நடக்கும் கச்சேரி என்று தர்மபுரி, திருப்பத்தூர், சேலம் பக்கமெல்லாம் சுற்றியவர். கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸையும் பார்த்துக்கொள்ளும் காலம் வந்ததும் குழுவில் இவருக்கு இடம் இல்லாமல் போனது. கிட்டார் பரணுக்கு ஏறியது. தலைப்பக்கத்தில் கம்பெனிப் பெயர்த் தகடு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும். அறுபதுகளில் ஜப்பானில் டெய்ஸ்கோ மாதிரியான ஆலைகள் ஒரே கிட்டாரை, அமெரிக்க இறக்குமதிக்காரர்கள் கேட்ட பெயரையெல்லாம் தகட்டில் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தன. டெய்ஸ்கோவையே 1967ல் கவாய் கம்பெனி வாங்கிக்கொண்டது. தகடு போன கிட்டாருக்குக் குலம் கோத்திரம் தேடுவது சேகரிப்பாளர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. வாசிக்க முடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

தலைப்பக்கம் கம்பி தங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 30 அங்குலம். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951ல் ப்ரெசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது வைத்த அளவு 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதே அளவுதான். 30 அங்குலத்தை ஷார்ட் ஸ்கேல் என்பார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி பிரபலமாக்கிய வயலின் வடிவ ஹாஃப்னரும் இந்த வகைதான். நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகளான ஃப்ரெட்டுகளுக்கு நடுவே தூரம் குறைவு என்பதால் கை சின்னதாக இருப்பவர்களுக்கு வசதி. என் மகளுக்கு இது எட்டுகிறது, 34 அங்குலம் எட்டவில்லை. வாங்குவதற்கு வீட்டில் நான் சொன்ன காரணமும் அதுவேதான். காரணம் எடுபட்டது.

ஆனால் என் மனைவி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: "இருக்கறது பாடட்டும், அப்புறம் அடுத்தது வரட்டும்." கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. ஒன்று தினமும் வாசிக்கும் ஆரியா ப்ரோ. ஜப்பானில் மாட்சுமோட்டோ நகரத்து மாட்சுமோகு ஆலையில் செய்தது. அந்த ஆலை சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்துவிட்டுக் கிட்டாருக்கு வந்தது, 1987ல் மூடிவிட்டார்கள். மரவேலை அப்படி ஒரு சுத்தம். இன்னொன்று கல்கத்தாவில் செய்த பேஸ், நான் படித்துப் பழகியது, நெக் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த நிபந்தனைப்படி பார்த்தால் இந்த மூன்றாவது வந்ததே சலுகை. அதனால் இதை முதலில் பாட வைக்க வேண்டியிருந்தது.

நான் மாங்கூழ் ஆலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். பெங்களூரா மாங்காய் வந்து குவியும் ஜூன், ஜூலையில் வீட்டுக்கு வருவது தூங்குவதற்கு மட்டும்தான். சீசன் முடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும், மகள் டியூஷன் போகும் சாயங்காலங்களும் எனக்கு. வேலை எப்போதும் துண்டு துண்டாகத்தான் நடக்கும். அதனால் ஒவ்வொரு திருகையும் கழற்றிய இடத்தின் பெயர் எழுதித் தனித்தனி மாத்திரை கவரில் போட்டு வைப்பேன். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் பழைய கிட்டாரைத் திறக்க வேண்டாம்.

சரி, பிக்கப். மீட்டரில் 1 வந்தவுடனே காயில் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. வெளியே வரும் தடித்த ஒயரும் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் அறுந்திருக்கும். மேலே சுற்றிய டேப்பைப் பிளேடால் மெல்ல எடுத்து, வெளிச்சுற்றின் முனையைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு முனையும் உள்முனையில் ஒரு முனையும் வைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சுற்றில் சிலவற்றைப் பிரித்தும் பார்த்தேன். உயிர் இல்லை. உள்முனை இருக்கும் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சைக் களிம்பு. ஈரம் உள்ளே இறங்கித் தாமிரத்தைத் தின்றிருக்கிறது. அடிச்சுற்றிலேயே அரித்துவிட்டால் முழுக்கப் பிரித்துப் புதிதாகக் கட்டுவதைத் தவிர வழி இல்லை.

புது பிக்கப் வாங்கிப் போடலாமே என்று கேட்கலாம். இன்று கடையில் கிடைப்பதெல்லாம் ஜாஸ் பேஸ், ப்ரெசிஷன் பேஸ் அளவுகள். இந்த ஜப்பான் பிக்கப் அகலமும் தட்டையுமாக வேறு அளவில் இருக்கிறது. புதியதை உட்கார வைக்க உடம்பில் உளி வைக்க வேண்டும். கம்பியைத் திரும்பக் கட்டலாம், வெட்டிய மரத்தைத் திரும்ப வளர்க்க முடியாது. பழைய பேஸில் வேலை செய்ய எனக்கு இருக்கும் ஒரே கொள்கை இதுதான்: நாளைக்கு வேறொருவர் பிரித்துப் பழையபடி ஆக்கக்கூடிய வேலையை மட்டும் செய்வது. ஒரிஜினல் காயில் போனால் விலை குறையும் என்பார்கள். ஊமையாக இருக்கும் ஒரிஜினலுக்கு மட்டும் என்ன விலை?

பிக்கப் என்பது ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கில் எனாமல் கம்பிச் சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது, காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. கிருஷ்ணகிரிக்காரனுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. ஆயிரம் அடிக்கு போர் போடும் ஊர் இது. வோல்டேஜ் குறைந்து மோட்டார் எரிவதும், அதைக் கழற்றி மேலே தூக்கி வைண்டிங் கடைக்குக் கொண்டு போவதும் விவசாயிகளுக்கு வருஷா வருஷம் வரும் செலவு. நல்ல வைண்டிங் ஆட்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. கையில் பேஸோடு சென்னைக்கும் மும்பைக்கும் போன் போட்டுக்கொண்டிருக்க எனக்கு எந்த அவசியமும் தெரியவில்லை.

கம்பிதான் பிரச்சினை. ஃபெண்டர் வகைப் பிக்கப்புகளில் வழக்கமாகப் போடுவது அமெரிக்கக் கணக்கில் 42ம் நம்பர், 0.063 மி.மீ. நம் கடைகளில் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கணக்கு. அதில் 46ம் நம்பர் 0.061 மி.மீ., கிட்டத்தட்ட அதே தடிமன். இந்தக் கணக்கு தெரியாமல் 42 என்று கேட்டால் 0.1 மி.மீ. கம்பி கொடுத்துவிடுவார்கள், கம்பி சுற்றும் சட்டமான பாபினில் பாதிச் சுற்றுகூடக் கொள்ளாது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 100 கிராம் உருளையாகக் கிடைத்தது. அந்த 100 கிராமில் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் கம்பி இருக்கும். ஒரு பிக்கப்புக்கு முப்பது கிராம் சுமார் போதும். பாலியூரித்தேன் எனாமலா என்று கேட்டு வாங்குங்கள். சால்டரிங் முனையின் சூட்டிலேயே அந்த எனாமல் உருகி வழிவிடும். மற்ற வகை எனாமலை உப்புத்தாள் வைத்துச் சுரண்ட வேண்டும். இவ்வளவு மெல்லிய கம்பியைச் சுரண்டினால் அறுந்து கையோடு வந்துவிடும்.

பழையபேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த வைண்டிங் பாய் ஒருவர் இருக்கிறார். ஆலை மோட்டார்கள் அவரிடம்தான் போகும். ஒரு காலத்தில் ரேடியோ டிரான்ஸ்பார்மரும் கட்டியவர். கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது கம்பியா, சிலந்தி நூலா?"

"கம்பிதான் பாய். எட்டாயிரம் சுத்து வேணும்."

"எட்டாயிரமா! அஞ்சு ஹெச்.பி. மோட்டாருக்கே இந்தக் கணக்கு நான் கேட்டதில்ல."

ஆனால் ஆர்வம் வந்துவிட்டது அவருக்கு. ஃபேன் காயில் கட்டும் கைச்சுற்று மெஷின் அவரிடம் இருந்தது; பக்கத்தில் நாலு இலக்கக் கவுன்டர். பாபின் உட்கார மாட்டேன் என்றது. இரண்டு பக்கமும் பேக்கலைட் தகடு வெட்டி, நடுவில் போல்ட் போட்டுப் பிடித்தோம். தகட்டின் ஓரங்களைப் பாலிஷ் தாளால் மழுங்கத் தேய்க்க வேண்டும். சின்ன பிசிறு இருந்தாலும் கம்பி அதில் சிக்கி அறும்.

எட்டாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், நெக் பிக்கப்பின் 6.8 கிலோ ஓமிலிருந்து. 46ம் நம்பர் கம்பிக்கு மீட்டருக்கு 5.9 ஓம். பாபினில் ஒரு சுற்றின் சராசரி நீளம் 15 செ.மீ. வைத்தால் எட்டாயிரம் சுற்றுக்கு 1200 மீட்டர், ஏழு கிலோ ஓம் சுமார். பிரிட்ஜ் பக்கம் கம்பியின் அதிர்வு சின்னது, அதனால் அங்கே கொஞ்சம் கூடுதல் சுற்று இருப்பது நல்லதுதான். நெக்கை விடத் துளி அதிகம் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுற்றும்போது முதலில் செய்தது சீலிங் ஃபேனை நிறுத்தியது. காற்றில் கம்பி ஆடினால் போச்சு. ஏப்ரல் வெயில், தகரக் கூரை, ஃபேன் இல்லாத கடை. பாய் கைப்பிடியைச் சுற்ற, நான் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஃபெல்ட் துணித் துண்டை வைத்துக் கம்பியை இழுத்துப் பிடித்து, இடமும் வலமுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பிடி இறுகினால் கம்பி நீண்டு மெலியும், ஓம் ஏறும், கடைசியில் அறும். தளர்ந்தால் சுற்று உப்பிப் பாபின் சீக்கிரமே நிறைந்துவிடும். உள்ளே தளர்ந்து கிடக்கும் சுற்று ஆம்பில் சத்தமாக வைத்தால் கீச்சிடவும் செய்யும். மெஷின் வேகத்தை விரல் பழகிக்கொள்ளும் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் கம்பி அறுந்தது. பாய் பதறவில்லை. இரு முனையையும் முறுக்கி, ஒரு துளி ஈயம் வைத்து, மெல்லிய டேப்பால் மூடிவிட்டு மேற்கொண்டு சுற்றினார். "மோட்டார்ல இப்படிப் போட்டா நாலு மாசத்துல திரும்பி வந்துடும். இதுல கரன்ட்டே ஓடாதுல்ல, ஒண்ணும் ஆகாது," என்றார். உண்மைதான். இதில் பிறப்பது மில்லிவோல்ட் கணக்கு.

முடிந்ததும் மீட்டரில் 7.1. கூலி என்று ஒரு சீலிங் ஃபேன் கட்டும் பணத்தை வாங்கிக்கொண்டார். கம்பி மிச்சம் அவரிடமே இருக்கிறது, யாராவது கிட்டார்க்காரர் வந்தால் ஆகும் என்று.

எந்தத் திசையில் சுற்றினோம் என்பது முக்கியம். நெக் பிக்கப் சுற்றியிருந்ததற்கு எதிர்த்திசையில் இதைச் சுற்றினோம்; அடியில் இருக்கும் பட்டைக் காந்தத்தையும் கவிழ்த்துப் போட்டேன். இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது வீட்டு ஒயரிங்கிலிருந்து ஏறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் வந்து அடித்துக்கொண்டு போகும். கம்பியின் ஒலிக்கு மட்டும் காந்தமும் சேர்ந்து திரும்பியிருப்பதால் அது கூடும். 1957ல் ப்ரெசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து வைத்ததும் இதே உத்திதான். ஒயர் முனைகளை மாற்றிப் போட்டாலே திசை மாறிவிடுமே என்றால், ஆமாம், மாறும். ஆனால் வெளிச்சுற்று முனையை எர்த்தில் சேர்த்தால் அந்த வெளிச்சுற்றே காயிலுக்குக் கொஞ்சம் கவசமாகும். அதை ஏன் இழக்க வேண்டும்?

சரியாக வந்ததா என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவர் போதும். முள் மீட்டரைக் குறைந்த டி.சி. அளவில் வைத்துப் பிக்கப்போடு இணைத்து, பிக்கப்பின் மேல் தெரியும் திருகுகளில் ஸ்க்ரூ டிரைவரை ஒட்டவைத்துச் சட்டென்று எடுக்க வேண்டும். முள் ஒரு பக்கம் துள்ளும். இரண்டு பிக்கப்பிலும் ஒரே பக்கம் துள்ளினால் சரி. எதிரெதிரே துள்ளினால் இரண்டையும் சேர்த்து வைக்கும்போது பேஸ் ஒலி மெலிந்து மூக்கால் பேசும்.

அடுத்து, உள்ளே சுற்றுகள் அசையாமல் பிடித்து வைக்க மெழுகு. இதற்குத்தான் வீட்டில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சமையலறை ஒழிந்த பிறகு, என் பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸில் நாலு பங்கு மெழுகுவர்த்தி மெழுகு, ஒரு பங்கு தேன்மெழுகு. அந்தப் பாக்ஸைக் கொதிதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கினேன். மெழுகை நேரடித் தீயில் வைக்கவே கூடாது, ஆவி பற்றிக்கொள்ளும். 65 டிகிரிக்கு மேல் போனால் பழைய பிளாஸ்டிக் பாபின் வளைந்துவிடும் என்பதால் மல்டிமீட்டரின் வெப்ப முனையை உள்ளேயே விட்டிருந்தேன். பிக்கப்பை முக்கியதும் குமிழ் குமிழாகக் காற்று வரும். குமிழ் நின்றால் மெழுகு உள்ளே இறங்கிவிட்டது. அடுத்த நாள் காலையில் அம்மா சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "எதுக்குடா அடுப்படியில சர்ச் வாசனை வருது?" என்றார்.

எலக்ட்ரானிக் வேலையில் மற்றதெல்லாம் சுலபம். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் கரகரத்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து நாற்பது ஐம்பது தடவை திருப்பினால் சுத்தமாகிவிட்டது. டோன் கெபாசிட்டர் வெடித்திருந்தது. 473 என்று எழுதிய பச்சை மைலார் கெபாசிட்டர், அதாவது 0.047 மைக்ரோ ஃபாரட், டேப் ரிக்கார்டர் ரிப்பேர்க்காரரிடம் சும்மாவே கிடைத்தது. பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரைப் புதிதாகப் போட்டேன்.

இரைச்சலுக்கு ஒரு சோதனை சொல்லி வைக்கிறேன், எல்லா கிட்டாருக்கும் உதவும். வாசிக்கும் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் ஒழுங்காக இருக்கிறது. தொட்டும் மாற்றமே இல்லை என்றால் பிரிட்ஜ் எர்த் ஒயர் விட்டிருக்கிறது. தொட்டால் கூடினால் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கிறது. தொடும்போது சுருக்கென்று விரலில் அடித்தால் கிட்டாரை விடுங்கள், வீட்டு பிளக்கைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பா கட்டிய பழைய பகுதியில் மூன்றாவது துளைக்கு ஒயரே போகவில்லை. ஆம்பின் உலோகப் பெட்டியில் கசிவு மின்சாரம் நின்று கம்பி வரை வந்தது. கரி, உப்பு போட்டு எர்த் குழி எடுத்து ஒயர் இழுத்தேன். இங்கே மண்ணுக்குக் கீழே உடனே பாறை. கோடையில் குழி காய்ந்தால் எர்த் பிடிக்காது, அதனால் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் அதற்கும் உண்டு. திருவிழா மேடையில் எர்த் இல்லாத ஜெனரேட்டரில் ஒரு கை கிட்டாரிலும் உதடு மைக்கிலும் வைப்பவர்கள் இதை மட்டுமாவது படித்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஃப்ரெட் சமன்செய்தது. பழைய ஃப்ரெட்டுகளில் கம்பி அழுந்தின இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு உரச வளையாத, நேரான ஒரு கட்டை வேண்டும். இதற்கென்றே விற்கும் அலுமினியச் சட்டத்தின் விலையைப் பார்த்துவிட்டு, பர்கூர் ரோட்டில் ஒரு கிரானைட் பாலிஷ் ஆலைக்குப் போனேன். அங்கே மலை மாதிரி கட்டிங் மிச்சம் கிடக்கும். கறுப்புக் கல்லில் 45 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமனில் ஒரு பட்டை கேட்டேன். பாலிஷ் செய்த முகத்தில் ஒசூர் டூல் ரூமில் வேலை செய்யும் நண்பனின் எஃகு ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்துப் பார்த்தோம், இடைவெளி பார்க்கும் 0.05 மி.மீ. ஃபீலர் தகடு எங்கேயும் நுழையவில்லை. உலகத்துக்கே கல் அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு அலுமினியத்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? எடை ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருப்பதால் அழுத்தவே வேண்டாம், ஓட்டினாலே போதும்.

முதலில் நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் தண்டான ட்ரஸ் ராடைத் தளர்த்தி, அந்த ராடின் நட்டு மரையில் ஒரு துளி மெஷின் எண்ணெய் விட்டு, பிறகு கால் திருப்பு, ராத்திரி முழுக்க விட்டுவிட்டு இன்னொரு கால் திருப்பு என்று நெக்கை நேராக்கினேன். பழைய ராடை ஒரே மூச்சில் முறுக்கினால் மரை கையோடு வரும். விரல்பலகைக்கு டேப் ஒட்டி, ஒவ்வொரு ஃப்ரெட் முகட்டிலும் மார்க்கரால் கறுப்பு பூசி, கல்லில் 400 நம்பர் உப்புத்தாளை இருபக்க டேப்பால் ஒட்டி நீளவாக்கில் ஓட்ட வேண்டும். எல்லா முகட்டிலும் கறுப்பு அழியும் வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரு ஓட்டு கூட வேண்டாம், ஃப்ரெட் உயரம் திரும்பக் கிடைக்காது. தட்டையான முகட்டை முக்கோண அரத்தால் மீண்டும் உருண்டையாக்கினேன். ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவர்கள் வைத்திருக்கும் அதே அரம்தான். மூன்று விளிம்பையும் சாணையில் மழுக்கிக்கொண்டால் மரத்தில் கீறல் விழாது.

விரல்பலகையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. ஈட்டி மரத் தூளும் ஃபெவிக்விக்கும் வைத்து அடைத்தேன். தூள் ஒரு ஆசாரி கொடுத்தது, பழைய கட்டில் காலைத் தேய்த்து. புது மரமாக ஈட்டியை வெட்டுவது தமிழ்நாட்டில் நெடுநாள் லேசில் நடக்காத காரியமாக இருந்தது, 1994ல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். பிரேசில் ஈட்டிக்கு 1992ல் உலக வணிகத் தடை வந்தபின் கிட்டார்காரர்கள் இன்னும் அதிகமாக நம்பியிருப்பது நம் மேற்கு மலை மரத்தைத்தான் என்பதை நினைத்துக்கொண்டே அந்தச் சில்லை மெழுகினேன். கடைசியில் மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் ஒரு துணியில் நனைத்துத் துடைத்ததும் பலகை நிறம் ஏறியது.

செட்டிங்குக்கு ஃபீலர் கேஜ் வேண்டும். பைக் மெக்கானிக்கிடம் டாப்பெட் பார்க்க இருக்கும் அதுவேதான். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்தி, நடுவில் 7ம் ஃப்ரெட்டில் இடைவெளி பார்த்தால் 0.30 மி.மீ. அதுதான் எனக்கு வேண்டியது. 12ம் ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பியின் உயரம் 2.8 மி.மீ., மெல்லிய ஜி கம்பி 2.2. ஷார்ட் ஸ்கேலில் கம்பியின் இழுப்பு குறைவு, அதிர்வு அகலம். இன்னும் இறக்கினால் ஃப்ரெட்டில் தட்டும்.

கம்பி ஷார்ட் ஸ்கேலுக்கென்றே செய்த ஃப்ளாட்வவுண்ட். பட்டையாகச் சுற்றிய வழவழப்பான வகை. விலை கை கடிக்கிறது, ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும், பழைய ஃப்ரெட்டையும் தேய்க்காது. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ம் வருஷத்து ப்ரெசிஷன் பேஸில் ஃப்ளாட்வவுண்ட் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றாதவர். கம்பியைக் கட்டும்போது ஒன்று: நீளம் அதிகம் என்றால் முதலில் செங்குத்தாக மடக்கி, மடக்கிய இடத்துக்கு அப்பால் வெட்டுங்கள். நேராக வெட்டினால் மேல்சுற்று உள்ளே நழுவிக் கம்பி செத்த மாதிரி ஒலிக்கும்.

ஒலி எப்படி என்றால், தடிப்பாக, குட்டையாக, ஒவ்வொரு சுரமும் எழுந்த வேகத்தில் அடங்கிவிடும். நீண்டு ஒலிக்கும் ஆரியாவுக்கு நேர் எதிர். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் தனியாக இன்னொரு மெட்டே பாடிக்கொண்டு போகும். அந்த வரிகளை இதில் வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெளிவாக நிற்கின்றன. மகளுக்கு அந்த வரிகளைக் காதால் கேட்டு எடுக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் காட்டும் வீடியோ பார்த்து வாசிப்பதைவிட மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்தது போகாது. அவளுக்கு அந்த மெதுவில் பொறுமை இல்லை, அதுவும் நியாயம்தான்.

எப்போது வாசிப்பது என்பது தனிப் பிரச்சினை. ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ், அந்த ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். செங்கல் சுவரும் சாத்திய கதவும் அதைத் தடுக்காது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது: "சத்தம் ஒண்ணும் கேக்கல தம்பி, ஆனா எங்க பாத்திர ஸ்டாண்டு தானா ஆடுது." அன்றிலிருந்து ஒன்பது மணிக்கு மேல் ஹெட்போன் ஆம்ப் மட்டும். பரீட்சை மாதங்களில் பகலிலும் அதுதான்.

பேஸ் வாசிக்கும் நிலைக்கு வந்ததும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவருடைய விரல்கள் இடம் மறக்கவில்லை. கட்டைவிரலை நெக் பிக்கப்பின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு உடனே ஆரம்பித்துவிட்டார். நான் பெருமையாக பிரிட்ஜ் பிக்கப்பைத் தனியாக வைத்துக் காட்டினேன். காயில், கம்பி, பாய் எல்லாக் கதையும் சொன்னேன்.

"அந்தப் பின் பிக்கப்பா?" என்றார். "நான் வாங்கினப்பவே அது ஊமைதானே. நான் அத எப்பவுமே தொட்டதில்ல." கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஒல்லியா இருக்கு தம்பி, அத மூடிடு," என்று நெக் பிக்கப்புக்கே திரும்பிவிட்டார். இரண்டையும் சேர்த்து வைத்தால் இரைச்சல் இல்லை என்று சொன்னதை மட்டும் ஒப்புக்கொண்டார். கச்சேரியில் டியூப்லைட் சீரியல் செட்டுக்கு நடுவில் வாசித்தவருக்கு அந்த அருமை தெரியும்.

டோன் குமிழ் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 6 மி.மீ. தண்டு, பதினெட்டுப் பல். அமெரிக்கக் குமிழ் எல்லாம் இருபத்து நாலு பல், இதில் ஏறாது. இப்போதைக்கு ஒரு பழைய ஸ்டெபிலைசர் குமிழ் உட்கார்ந்திருக்கிறது. அடுத்தது கல்கத்தா பேஸின் முறுக்கிய நெக். அதைச் சூடுபடுத்தி, எதிர்த்திசையில் கிளாம்ப் போட்டு, நாள்கணக்கில் அசையாமல் வைக்க வேண்டும். அந்த கிரானைட் பட்டைதான் அதற்கும் மட்டம். ஜூனில் ஆலை ஓட ஆரம்பித்துவிடும், அதனால் ஆகஸ்டுக்கு முன்னால் தொடப் போவதில்லை.